ஒட்டகமும் பொதியும்: மேசைமேல் வைக்கும் சின்னப் பொம்மைகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் வாசகர்களின் கேள்வி-பதில்

ஒட்டகத்தில் பெயிண்ட் உரிகிறது. என்ன செய்வது? (பாலக்கோடு)

உலோகமா, பிளாஸ்டிக்கா, ரெசினா? ப்ரைமர் (பெயிண்ட் பிடிக்க முதலில் அடிக்கும் பூச்சு) அடித்தீர்களா, இல்லையா? ஒன்றும் எழுதவில்லை. எனக்கு ஜோசியம் தெரியாது. உத்தேசமாகச் சொன்னால், சோப்புத் தண்ணீரில் கழுவியிருக்க மாட்டீர்கள். அச்சிலிருந்து பொம்மை எளிதாகக் கழலத் தடவிய வழுக்குப் பூச்சு மேலேயே இருக்கும், அதன்மேல் எதுவும் பிடிக்காது. உரிந்ததைச் சுரண்டி எடுத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு ராத்திரி காயட்டும். பிறகுதான் ப்ரைமர்.

ராஜஸ்தான் வணிகக் கூட்டத்துக்கு இரட்டைத் திமில் ஒட்டகம் வைக்கலாமா? (அரூர்)

கூடாது. ராஜஸ்தான், சிந்து, அரேபியா எல்லாம் ஒற்றைத் திமில். இரட்டைத் திமில் மத்திய ஆசியாவுக்கும் மங்கோலியாவுக்கும். நம் நாட்டில் லடாக்கின் நுப்ரா பள்ளத்தாக்கில் உண்டு.

ஸ்ப்ரே ப்ரைமர் அடித்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகிறது. (தருமபுரி)

சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் நின்று அடித்திருப்பீர்கள். துளி பொம்மையைத் தொடுவதற்குள் காற்றிலேயே காய்ந்து தூளாக விழுகிறது. காலை எட்டு மணிக்குள், நிழலில், ஒரு சாண் தூரத்திலிருந்து அடியுங்கள். டப்பாவை இரண்டு நிமிடம் முழுசாகக் குலுக்க வேண்டும். ஓசூர்க்காரர்களுக்கு நேர்மாறு: மார்கழிப் பனி ஈரத்தில் அடித்தால் வெள்ளைப் படலம் பூக்கும், பத்து மணிக்கு மேல் அடியுங்கள்.

12 ஒட்டகங்கள். எல்லாவற்றுக்கும் மணல் நிறம் கொடுத்து, பொதியோடு சேர்த்துப் பழுப்பு வாஷ் (நீர்த்த பெயிண்ட்) ஊற்றினேன். அழுக்காக, ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கின்றன. இன்னொரு கோட் வாஷ் கொடுக்கலாமா? (ஓசூர்)

தயவுசெய்து வேண்டாம். மாதம் இரண்டு பேராவது இதையே கேட்கிறார்கள்.

வாஷ் பள்ளத்தில் தேங்கும் சரக்கு. திமில் முடியிலும் கழுத்து முடியிலும் பள்ளம் இருக்கிறது, அங்கே வேலை செய்யும். ஒட்டகத்தின் விலா வழவழப்பான பெரிய பரப்பு. தேங்க இடமில்லாமல் வழிந்து, காயும்போது ஓரத்தில் வட்டக் கறை கட்டும். அதனால் வாஷ்ஷில் சரிபாதி தண்ணீர் விட்டு, முடி, கால் மூட்டு, சேணத்தின் அடி, கயிறு அழுந்தும் இடம் இவற்றில் மட்டும் வையுங்கள். குட்டை கட்டினால் காய்ந்த பிரஷ்ஷால் உறிஞ்சி எடுங்கள். இப்போது கறைபட்ட விலாவுக்குப் பழைய மணல் நிறத்தையே பால் பதத்துக்குக் கரைத்து இரண்டு தடவை பூசினால் போதும்.

நிறத்துக்கு வருவோம். 12-இல் ஐந்து மணல் நிறம், மூன்று செம்பழுப்பு, இரண்டு கரும்பழுப்பு, இரண்டு வெளிர். வெளிருக்குச் சுத்த வெள்ளை எடுக்காதீர்கள், எலும்பு நிறம் எடுங்கள். எல்லாவற்றிலும் வயிறும் தொடையின் உள்பக்கமும் ஒரு படி வெளிறி இருக்க வேண்டும், திமிலும் தொண்டை முடியும் ஒரு படி கறுத்திருக்க வேண்டும். மண்டியிட்டு உட்காரும்போது தரையில் அழுந்தும் நெஞ்சு, முழங்கால், முழங்கை ஆகிய இடங்களில் முடியில்லாமல் காய்த்திருக்கும். அங்கே சாம்பல் கலந்த கரும்பழுப்பு. பாதத்தில் குளம்பு வரையாதீர்கள். இரண்டு விரல், விரலுக்கு ஒரு சின்ன நகம், அவ்வளவுதான். கண்ணில் வெள்ளை வைத்தால் ஒட்டகம் பேயறைந்தது போல முழிக்கும். முழுக்கக் கரும்பழுப்பு பூசி, மேலே ஒரு பளபளப்புப் புள்ளி போதும்.

பொதி இன்னும் மோசம். சாக்கு, தோல் பை, கம்பளம், மரப்பெட்டி நான்கையும் ஒரே குழம்பில் முக்கியிருக்கிறீர்கள். தருமபுரிப் பக்கம் எந்தப் புளி மண்டியிலாவது ஐந்து நிமிடம் நில்லுங்கள். பழஞ்சாக்கு மஞ்சளாக இருக்காது, சாம்பல் பூத்திருக்கும். கட்டிய வாயின் இரண்டு மூலையும் காது மாதிரி துருத்தும். கை பிடித்துப் பிடித்து அங்கேதான் அழுக்கேறிக் கறுக்கும். அந்த இரண்டு காதுக்கும் ஒரு பொட்டு கரும்பழுப்பு வைத்துப் பாருங்கள், சாக்கு சாக்காகும். தோலுக்குச் செம்பழுப்பு, விளிம்பில் தேய்ந்த வெளிர்க்கோடு. பெட்டிக்கு மரத்தின் ரேகை. வாஷ் இதில் எதையும் உங்களுக்காகச் செய்து தராது.

1791 கிருஷ்ணகிரிக் கோட்டை முற்றுகையை மேசையில் பொம்மைகளால் அமைக்கிறோம். கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கு எத்தனை ஒட்டகம்? (காவேரிப்பட்டணம்)

ஒட்டகத்தைக் குறைத்துப் பொதிமாடு வாங்குங்கள். அந்த நவம்பரில் கம்பெனித் தளபதி மேக்ஸ்வெல்லின் படை அடிவாரப் பேட்டையைப் பிடித்தும் மலைக்கோட்டை ஏற முடியாமல் திரும்பியது. திப்பு சுல்தானோடு நடந்த அந்தப் போரில் கம்பெனிக்குத் தானியம் பெரும்பாலும் மாட்டு முதுகில்தான் வந்தது, அதிலும் லம்பாடிகளின் மாடுகள் ஏராளம். பத்து மாட்டுக்கு ஓர் ஒட்டகம் என்று வைத்தால் கண்ணை உறுத்தாது. ஒட்டக வரிசைதான் வேண்டுமென்றால் கம்பெனியின் 1838-39 ஆப்கன் படையெடுப்புக்குப் போங்கள். அங்கே சுமார் 30,000 ஒட்டகங்கள்.

சாக்கு, கயிறு நாமே செய்ய முடியுமா? (பென்னாகரம்)

எம்-சீல் (ஓட்டை அடைக்கும் மக்கு) இரண்டு பகுதியையும் சம அளவு பிசைந்து உருட்டி, காயம் கட்டும் காஸ் துணியை மேலே அழுத்தி எடுங்கள். கோணி நெசவு விழும். அரை மணிக்குள் முடிக்க வேண்டும். கையுறை போடுங்கள். கயிற்றுக்குத் தையல் நூல் இரண்டு இழை முறுக்கி, நீர்த்த ஃபெவிகாலில் இழுத்தால் பிசிறு படியும். இரண்டு பக்கமும் சமமாகக் கட்டுங்கள். ஒரு பக்கம் மூட்டை, மறுபக்கம் காலி என்றால் பாரம் பத்தடியில் சரிந்துவிடும்.

பாலைவன மணலுக்கு ரவை ஒட்டினேன், எறும்பு வருகிறது. (ஊத்தங்கரை)

வராமல்? டீ வடிகட்டியில் சலித்த ஆற்று மணல் போடுங்கள்.

கால் ஒடிந்தது. சூப்பர் க்ளூ நிற்கவில்லை. (கிருஷ்ணகிரி)

தனியாக நிற்காது. இரண்டு முனையிலும் அரை மில்லிமீட்டர் துளை போட்டு, ஸ்டேப்ளர் பின் துண்டு ஒன்றைச் செருகி ஒட்டுங்கள். 28 மில்லிமீட்டர் அளவு (மனிதப் பொம்மையின் உயரம்) செட்டின் ஒட்டகத்துக்குக் குதிரைப் பொம்மையின் அடித்தட்டு போதாது, 4×6 செ.மீ. போட்டால் பொதி பக்கத்து ஒட்டகத்தில் இடிக்காது, காலும் ஒடியாது.

வார்னிஷ் அடித்ததும் எல்லாம் கண்ணாடியாய் மின்னுகிறது. (அரூர்)

மேட் (மினுங்காத) வார்னிஷ் டப்பாவின் அடியில் படிந்ததைக் கலக்காமல் பூசியிருக்கிறீர்கள். நன்றாகக் குலுக்கி இன்னொரு தடவை பூசுங்கள். மினுக்கம் கண்ணிலும் தண்ணீர்த் தோல்பையிலும் மட்டும் இருந்தால் போதும். பிரஷ் நுனியை நாக்கில் வைக்காதீர்கள். அடுத்த செட்டையாவது சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள்.