மேத்ஸை மட்டும் விட வேண்டாம்

ஐயா, வணக்கம்.

போன சனிக்கிழமை மகளின் +1 குரூப்பை மாற்றலாமா என்று கேட்க அவளையும் கூட்டிக்கொண்டு கடலூர் முதுநகரிலிருந்து வந்திருந்தீர்கள். நாம் கட்-ஆஃப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவள் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் ஜெராக்ஸின் பின்பக்கம் ஒரு கூட்டல் குறியும், நாலு விரல் தள்ளி வலப்பக்கம் ஒரு புள்ளியும் போட்டாள். இடது கண்ணை மூடிக் கூட்டல் குறியையே பார்க்கச் சொல்லி, தாளை மெதுவாக உங்கள் முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். "அட, புள்ளியைக் காணோமே!" என்றீர்கள். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் இல்லை என்று விளக்கிவிட்டு, "ஆனா அங்க ஓட்டை தெரியலையே, வெள்ளைத் தாள்தானே தெரியுது? அதை யாரு நிரப்புறது?" என்று கேட்டாள். நீங்கள் மறுபடி கட்-ஆஃபுக்குப் போய்விட்டீர்கள். அது மூளை ஆய்வாளர்கள் கேட்கும் கேள்வி; எனக்கு மனதைவிட்டுப் போகவில்லை.

நீட்டுக்கு மேத்ஸ் வேண்டாமே, பயோ-மேத்ஸிலிருந்து பியூர் சயின்ஸுக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டீர்கள். மாற்றாதீர்கள். மேத்ஸ் கூடவே இருப்பதால் நீட்டுக்கு ஒரு தடையும் இல்லை. அவள் கேட்ட அதே கேள்வியை ஆராய்ந்த மூளை ஆய்வாளர் வி.எஸ்.ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்தவர்தான். டாக்டர் வழியாகவும் மூளை ஆய்வுக்குப் போகலாம். ஆனால் எந்த வழியாகப் போனாலும் அங்கே கணக்கு காத்திருக்கும்.

மூளைப் படத்தில் சிவப்பும் மஞ்சளுமாகத் திட்டுகள் பார்த்திருப்பீர்கள். அது போட்டோ இல்லை. நரம்பு செல்கள் சுறுசுறுப்பாகும் இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும்; அங்கே ஆக்சிஜன் மாறுவதைத்தான் எஃப்.எம்.ஆர்.ஐ. என்ற ஸ்கேன் பிடிக்கிறது, அதுவும் சில வினாடி தாமதமாக. மூளையை இரண்டு மூன்று மில்லிமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, பல்லாயிரம் கட்டங்களுக்கும் கணக்குப் போட்டு, எது நிஜம், எது தற்செயல் என்று சலித்த பிறகே வண்ணம் பூசுகிறார்கள்.

சலிக்காவிட்டால் என்ன ஆகும்? மீன் ஏலம் எடுக்கிறவர் நீங்கள், இதை ரசிப்பீர்கள். 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் செத்த சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். படத்தில் இருப்பவர் மனதில் என்ன உணர்ச்சி ஓடுகிறது என்று மீனிடம் கேட்கவும் செய்தார்கள்! தற்செயலைச் சலிக்கும் புள்ளியியல் திருத்தம் செய்யாமல் பார்த்தால் செத்த மீனின் மூளை 'வேலை செய்தது'. திருத்தியதும் எல்லாம் மறைந்துவிட்டது. 2012இல் இதற்கு, சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். மீன் இன்றையதா, நேற்றையதா என்று செவுளைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவீர்கள். ஸ்கேனர் படத்துக்குச் செவுள் கிடையாது, கணக்குதான்.

சரி, எங்கே சேர்ப்பது? +2 முடிக்கும்போது நீட்டோடு ஐசர் நுழைவுத் தேர்வான ஐ.ஏ.டி.யையும் எழுதட்டும். 60 கேள்விகள், இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கிலும் பதினைந்து பதினைந்து. மேத்ஸை விட்டால் கால்வாசி மார்க் அங்கேயே போச்சு. மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களான ஐசர் கல்லூரிகளுக்கும் (நமக்குத் திருப்பதி பக்கம்), சென்னை ஐ.ஐ.டி.யின் மருத்துவ அறிவியலும் பொறியியலும் சேர்ந்த பி.எஸ். படிப்புக்கும் அதுதான் வாசல். பைத்தான் என்ற கணினி மொழியை இப்போதே பழகலாம்; விடுமுறையில் செல்போன் பார்ப்பதற்கு அது மேல்.

பணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பட்டம் முடிந்து பிஎச்.டி. இன்னும் ஐந்தாறு வருஷம். அப்போது ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. அதற்குள் அவளுடன் படித்தவர்கள் வீடு கட்டியிருப்பார்கள். சொந்தக்காரர்கள் கேட்பார்கள், நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

மார்க் வராவிட்டால் கண் பரிசோதனைப் படிப்பான ஆப்டோமெட்ரி இருக்கிறது. கண் மருத்துவமும் மூளை ஆய்வும் அவ்வளவு தூரம் இல்லை. பிறவிக் கண்புரை போன்ற குறை நீக்கப்பட்ட நம் நாட்டுப் பிள்ளைகளை வைத்து அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர் பவன் சின்ஹாவின் குழு சோதித்தது: கையால் தடவிய பொருளைக் கண்ணால் பார்த்ததும் அடையாளம் காண முடியவில்லை, சில நாளில் பழகிக்கொண்டார்கள். தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனை வழியாகத்தானே பாண்டிக்குப் போகிறீர்கள், ஒருநாள் இறங்கி விசாரியுங்கள்.

எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன் படிப்பு வேறு. நல்ல வேலைதான், ஆனால் அவள் கேள்விக்கு அங்கே பதில் இல்லை.

குரூப் மாற்றும் விண்ணப்பத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் அப்படியே வைத்திருங்கள். வரும் சனிக்கிழமை ஏலம் முடிந்ததும் அவளோடு வாருங்கள். அந்த ஜெராக்ஸ் என் மேஜையில்தான் கிடக்கிறது.