டீசல் பிக்கப்: பழையதை வைத்திருக்கலாமா, புதியது வாங்கலாமா?

காசிமேட்டிலிருந்து ஒரு வாசகர்: காசிமேட்டிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு மீன் ஏற்றும் என்னுடைய 2018ஆம் ஆண்டு பி.எஸ்.4 (பழைய புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) பிக்கப் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தருகிறது. புதிய பி.எஸ்.6 (இன்னும் கடுமையான புகைத் தரம்) வண்டி 14 தரும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

மைலேஜை மட்டும் நம்பி மாற்ற வேண்டாம். நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர் வீதம் மாதம் 26 நாள் ஓடினால், இரண்டு வண்டிகளுக்கும் இடையே மிச்சமாகும் டீசல் சுமார் 25 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 2,280 ரூபாய்தான் கையில் நிற்கும். எட்டு லட்சம் ரூபாய்க் கடனை 10 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளில் அடைக்க, மாதத் தவணை ஏறக்குறைய 17,000 ரூபாய் கட்ட வேண்டும்.

அதைவிட முக்கியமானது உங்கள் ஓட்டம். விடியற்காலையில் துறைமுகத்தில் லோடு ஏற்றி, சிந்தாதிரிப்பேட்டையில் இறக்கிவிட்டு, நெரிசலில் ஊர்ந்து திரும்பும் வண்டியில் புகைக்குழாய் போதிய சூட்டை எட்டுவதே இல்லை. பி.எஸ்.6 வண்டியில் உள்ள கரித்துகள் வடிகட்டி, தன்னிடம் சேர்ந்த கரியை அந்தச் சூட்டில்தான் எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். சூடு கிடைக்காவிட்டால் அது அடைத்துக்கொள்ளும். இழுவை குறையும், டீசலும் கூடுதலாகப் போகும். வடிகட்டிக்கான எச்சரிக்கை விளக்கு எரிந்தால் உடனே அணைத்து நிறுத்தாமல், நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் இருபது நிமிடமாவது ஓட்டுவது நல்லது. பராமரிப்பு சரியாக உள்ள பி.எஸ்.4 வண்டியை இப்படிப்பட்ட குறுகிய ஓட்டத்துக்கு வைத்துக்கொள்வதே லாபம் என்பது என் உறுதியான கருத்து.

மாதவரத்திலிருந்து: நாங்கள் தினமும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் 200 கிலோமீட்டர் ஓடுகிறோம். எங்களுக்கும் அதே பதில்தானா?

இல்லை. உங்கள் ஓட்டத்துக்கு, அதே மைலேஜ் வித்தியாசத்தில் மாதம் சுமார் 62 லிட்டர், அதாவது 5,700 ரூபாய் மிச்சமாகும். நெடுஞ்சாலை ஓட்டம் வடிகட்டிக்கும் ஏற்றது. பழைய வண்டியை விற்ற பணத்தை முன்பணமாகக் கட்டினால் தவணைச் சுமையும் குறையும். ஆனால் நீங்கள் பார்க்கும் மாடலுக்குப் புகையைச் சுத்திகரிக்கும் யூரியா கரைசல் ஊற்ற வேண்டுமா என்பதை விற்பனையாளரிடம் கேட்டு, அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திருவொற்றியூரிலிருந்து: மீன் ஓட்டத்தில் இருந்த பழைய வண்டி மலிவாக வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

இன்ஜினைப் பார்க்கும் முன் சேஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தைப் பாருங்கள். மீன் பெட்டியிலிருந்து உப்புத் தண்ணீர் இரவும் பகலும் தரைப் பலகையின் இடுக்கு வழியே சொட்டிக்கொண்டிருந்திருக்கும். வண்டிக்கு அடியில் டார்ச்சோடு படுத்து, பாடி சேஸில் உட்காரும் இடங்களிலும் பின்பக்க ஸ்பிரிங் பட்டையின் கொக்கிகளிலும் சிறிய சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மொத்தென்று ஒலித்து, துருவைச் செதில் செதிலாக உதிர்க்கும். அந்த இடத்தில் புதிதாகக் கறுப்புச் சாயம் பூசியிருந்தால் கூடுதல் சந்தேகத்தோடு பாருங்கள், ஏனெனில் துருவை மறைப்பதற்காகவே அவ்வாறு பூசுபவர்கள் உண்டு. நான் மதிப்பிட்ட ஒரு வண்டியின் இன்ஜின் கடிகாரம்போல் ஓடியது. ஆனால் குறுக்குச் சட்டத்தில் ஸ்குரூ டிரைவர் அப்படியே உள்ளே போய்விட்டது. அந்த வண்டியை வாங்க வந்த தம்பியை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன்.

பழைய கடன் பற்றிய குறிப்பு ஆர்.சி.யிலிருந்து (பதிவுச் சான்று) நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும், எஃப்.சி. (தகுதிச் சான்று), காப்பீடு ஆகியவை நடப்பில் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை.

தண்டையார்பேட்டையிலிருந்து: டெல்லியைப்போல் பத்து வயதான டீசல் வண்டியை இங்கும் நிறுத்திவிடுவார்களா?

அந்தக் கட்டுப்பாடு டெல்லித் தலைநகர் வட்டாரத்துக்கு மட்டுமே கொண்டுவரப்பட்டது. இங்கே எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும்.

எண்ணூரிலிருந்து: நான் எப்போதும் ஓட்டும் அதே வண்டிதான், ஆனால் மூன்று மாதமாக மைலேஜ் இறங்கிவிட்டது. இன்ஜின் போய்விட்டதா?

முதலில் ஒரே பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பி, ஓட்டிவிட்டு, மீண்டும் அங்கேயே நிரப்பி அளந்து பாருங்கள். கன்டெய்னர் வரிசையில் மாட்டிக்கொண்டு இன்ஜினை அணைக்காமல் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு கிலோமீட்டர்கூட நகராமல் டீசல் எரிகிறது. அதுவும் உங்கள் கணக்கில்தான் விழும். அதன்பின் டயர்க் காற்று, ஏர் ஃபில்டர், பிரேக் பிடித்துக்கொண்டே சுழல்கிறதா என்ற வரிசையில் பாருங்கள். ஓட்டம் முடிந்ததும் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோனால், பிடித்துக்கொண்டிருக்கும் சக்கரத்தின் அனல் தொடாமலே தெரியும். அந்தச் சக்கரத்தைச் சரிசெய்த பிறகு மறுபடியும் அளந்து பார்த்துவிட்டே இன்ஜினைத் தொடச் சொல்லுங்கள்.