மடல் முந்தியா, செய்தித்தாள் முந்தியா?

கேள்வி: செய்தித்தாள் வந்தபிறகுதான் செய்திமடல் வந்தது என்று நினைத்திருந்தேன். மடல்தான் முதலில் என்கிறான் என் மகன். எது சரி?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மகன் சொல்வதுதான் சரி. 16-ஆம் நூற்றாண்டில் வெனிஸ், ரோம் போன்ற ஊர்களில் காசு வாங்கிக்கொண்டு சேதி எழுதி அனுப்புவதையே பிழைப்பாக வைத்திருந்தார்கள். எல்லாம் கையெழுத்துப் பிரதி. மேலே ஊர்ப்பெயரும் தேதியும் இருக்கும், கீழே அங்கிருந்து வந்த சேதி, எழுதியவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. ஜெர்மனியில் அவுக்ஸ்பர்க் நகரத்து ஃபுக்கர் வணிகக் குடும்பத்தின் அண்ணன் தம்பி இருவர் இப்படி வாங்கிச் சேர்த்த மடல்கள் சுமார் 16,000, இன்றும் வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கின்றன. போர், அரண்மனைச் சேதி, கப்பல் வந்ததா இல்லையா என்று ஒரு வியாபாரிக்குத் தூக்கம் வர வேண்டுமானால் என்னென்ன தெரிய வேண்டுமோ அத்தனையும் அதில் உண்டு.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஸ்ட்ராஸ்பர்க்கின் யோஹான் கரோலுஸ். வாராவாரம் மடலைக் கையால் படியெடுத்து வசதியானவர்களுக்கு விற்றுவந்தவர், அப்புறம் 1605-இல், படியெடுக்க நேரம் போதவில்லை என்று அச்சு இயந்திரத்துக்கு மாறினார். உலகின் முதல் அச்சுச் செய்தித்தாள் என்று பலரும் சொல்வது அதைத்தான். மற்றவர்கள் தன் தாளைப் பார்த்து அடிக்காமல் பாதுகாப்புத் தாருங்கள் என்று நகர மன்றத்துக்கு அவர் மனுவும் போட்டார், மன்றம் மறுத்துவிட்டது.