வெடித்த உதட்டுக்கு எந்த லிப் பாம் ஏற்றது?

கேள்வி: என் உதடுகள் எப்போதும் காய்ந்து தோல் உரிகின்றன, சில நாட்களில் வெடித்து ரத்தமும் கசிகிறது. பல மாதங்களாகப் புதினா மணமுள்ள லிப் பாம் ஒன்றைப் பூசி வருகிறேன். பூசியவுடன் குளுமையாக இருக்கிறது, ஆனால் அரை மணி நேரத்தில் மறுபடியும் காய்ந்துவிடுகிறது. நாளுக்குப் பத்து முறைக்கு மேல் பூசியும் குணமில்லை. லிப் பாமுக்கு நான் அடிமையாகிவிட்டேனா? எதை வாங்கினால் சரியாகும்?

பதில்: பூசியவுடன் நீங்கள் உணரும் அந்தக் குளுமையே உங்கள் தொல்லை நீடிப்பதற்குக் காரணமாக இருக்கக்கூடும். புதினாவிலுள்ள மென்தால், குளிரை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. அதனால் குளிர்ந்ததுபோலத் தோன்றுகிறதே தவிர, உதட்டின் ஈரம் சிறிதும் கூடுவதில்லை. நலமான தோலில் அது பெரிய தீங்கு செய்யாமல் போகலாம். ஏற்கெனவே வெடித்துப் புண்ணாகியிருக்கும் உதட்டிலோ அது எரிச்சலை உண்டாக்கி மேல்தோலை இன்னும் நலியச் செய்கிறது; எரிச்சலால் வறட்சி கூடுகிறது, வறட்சி கூடியதும் நீங்கள் அதையே மீண்டும் எடுத்துப் பூசுகிறீர்கள். இதை அடிமைத்தனம் என்று அஞ்ச வேண்டாம். லிப் பாமில் போதைப் பழக்கத்தை உண்டாக்கும் பொருள் எதுவும் இல்லை. உறுத்தும் பொருளை விட்டுவிட்டால் இந்தச் சுற்றிலிருந்து பெரும்பாலோர் விடுபட்டுவிடுகிறார்கள்.

உதடு ஏன் இவ்வளவு எளிதில் காய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எதை வாங்குவது என்பது தானாகவே விளங்கும். உதட்டின் சிவந்த பகுதியில் வியர்வைச் சுரப்பிகள் கிடையாது. உடலின் மற்ற இடங்களில் தோலுக்கு நெய்ப்பைத் தரும் எண்ணெய்ச் சுரப்பிகளும் அங்கே பெரும்பாலும் இருப்பதில்லை. நீரை உள்ளே தடுத்து வைக்கும் மேல் அடுக்கும் மிக மெல்லியது. ஆகவே கன்னத்தின் தோலைவிட உதடு வேகமாக நீரை இழக்கிறது. காய்ந்ததும் நாக்கால் நனைத்துக்கொள்வது நம் எல்லோருக்கும் இயல்பாக வருகிற பழக்கம். ஆனால் எச்சில் உலரும்போது வறட்சி முன்னைவிட அதிகமாகிறது, அதிலுள்ள செரிமான நொதிகளும் நைந்த தோலை உறுத்துகின்றன. குழந்தைகளுக்கு வாயைச் சுற்றி வளையம்போலச் சிவந்திருப்பதற்கு அடிக்கடி இதுதான் காரணம்.

லிப் பாம் என்பது உதட்டுக்குப் புதிதாக நீரைக் கொடுப்பதன்று. உள்ளே இருக்கும் நீர் வெளியேறாமல் மூடுவதே அதன் முதன்மையான வேலை. இந்த வேலையை மிகச் சிறப்பாகச் செய்வது, ராபர்ட் செசிப்ரோ 1872-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற, இன்றும் மிக மலிவாகக் கிடைக்கிற பெட்ரோலியம் ஜெல்லிதான் என்பது என் உறுதியான கருத்து. அது மணமற்றது, ஒவ்வாமை உண்டாக்குவது மிக அரிது, வெடிப்பின் மேல் பூசினாலும் எரியாது. பெட்ரோலியம் என்ற சொல்லைக் கேட்டே தயங்குகிறவர்கள் உண்டு. தோலுக்கென விற்கப்படும் வெள்ளை ஜெல்லி நன்கு சுத்திகரிக்கப்பட்டது, அதற்கு அஞ்சத் தேவையில்லை. அதன் பிசுபிசுப்பு பிடிக்கவில்லை என்றால் தேன்மெழுகு, ஷியா பட்டர் (ஷியா மரக் கொட்டையின் கொழுப்பு), டைமெத்திகோன் (ஒருவகை சிலிக்கோன்) ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட, மணமும் சுவையும் சேர்க்காத பாமைத் தேர்ந்தெடுக்கலாம். தோலில் இயல்பாகவே இருக்கும் கொழுப்புப் பொருளான செராமைடு சேர்ந்திருந்தால் நல்லது. கிளிசரினும் ஹயலுரானிக் அமிலமும் நீரை ஈர்த்துவைக்கும் பொருள்கள். ஆனால் அவற்றின் மேல் மூடுவதற்கு மெழுகோ ஜெல்லியோ இல்லையென்றால், வறண்ட காற்றில் அவை ஈர்த்த நீரும் ஆவியாகிப் போய்விடும். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகான லானோலின் பலருக்கு மிகுந்த பயன் தருகிறது, சிலருக்கு ஒவ்வாமையும் தருகிறது. ஆகவே இப்போதைய நிலையில் அதை உங்களுக்கு முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன்.

கடையில் பாமின் முன்பக்கத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் உள்ள பொருள்பட்டியலைப் படியுங்கள். பட்டியல் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. மென்தால், கற்பூரம், யூகலிப்டஸ், ஃபீனால், சாலிசிலிக் அமிலம், இலவங்கப்பட்டை, எலுமிச்சை வகை எண்ணெய்கள், வாசனைப் பொருள், சுவையூட்டி என்று எது இருந்தாலும் உதடு ஆறும்வரை அது வேண்டாம். இயற்கையானது என்று அச்சிட்டிருப்பதை நம்பி வாங்குகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: உதட்டு ஒவ்வாமையைத் தூண்டுபவற்றில் செடிகளிலிருந்து எடுத்த நறுமண எண்ணெய்களும் அடங்கும். பூசும்போது குத்துவதோ எரிவதோ மருந்து வேலை செய்வதன் அடையாளம் அன்று; அந்தப் பொருள் உங்கள் உதட்டுக்கு ஒத்துவரவில்லை என்றே கொள்ள வேண்டும்.

வெயிலில் நெடுநேரம் இருப்பவராயின், பகலுக்கு எஸ்.பி.எஃப். (வெயிலிலிருந்து காக்கும் திறனைக் குறிக்கும் எண்) 30 அல்லது அதற்கு மேல் உள்ள, ஜிங்க் ஆக்சைடோ டைட்டானியம் டை ஆக்சைடோ கலந்த பாம் தேவை. வெளியில் இருக்கும்வரை அதை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும். கீழுதட்டில்தான் வெயில் மிகுதியாக விழுகிறது, உதட்டுப் புற்றுநோயும் பெரும்பாலும் அங்கேதான் தோன்றுகிறது என்பதால் இதை ஒப்பனை சார்ந்த விஷயமாக எண்ணிவிடக் கூடாது.

பூசும் நேரமும் முக்கியம். முகம் கழுவியபின் மெல்ல ஒற்றியெடுத்து, உதட்டில் ஈரம் சற்று மீதமிருக்கும்போதே பூசினால் அந்த ஈரம் உள்ளேயே தங்கும். சாப்பிட்ட பின்பும் வெளியே கிளம்பும் முன்பும் பூசுங்கள். படுக்கும் முன் கனமாகப் பூசுங்கள். மூக்கடைப்பினால் வாய்வழி மூச்சுவிட்டுத் தூங்குகிறவர்களுக்கு இரவுப் பூச்சு இன்னும் அவசியம், மூக்கடைப்புக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும். உரியும் தோலைப் பிய்க்காதீர்கள். சர்க்கரை போன்றவற்றால் தேய்த்தெடுக்கவும் வேண்டாம். ஆறும்வரை மேட் லிப்ஸ்டிக்கைத் தவிர்ப்பது நல்லது.

பாமை மாற்றியும் குணம் தெரியாதவர்கள் கவனிக்க மறப்பது பற்பசையை. அதிலுள்ள புதினா, இலவங்கப்பட்டைச் சுவையூட்டிகளும், நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட்டும் தினமும் உங்கள் உதட்டில் படுகின்றன. இவை இல்லாத பற்பசைக்கும் இப்போதே மாறிவிடுங்கள். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் உட்கொள்பவர்களுக்கு உதடு காய்வது அநேகமாகத் தவிர்க்க முடியாதது. அவர்கள் மருந்தைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இவ்வாறு 2 முதல் 3 வாரங்கள் செய்தால் பெரும்பாலும் உதடு ஆறிவிடும். அதற்குப் பிறகும் வெடிப்பு மாறவில்லை என்றாலோ, வாயின் ஓரங்கள் மட்டும் பிளந்து சிவந்திருந்தாலோ, கீழுதட்டில் ஆறாத புண்ணோ சொரசொரப்பான வெண்திட்டோ தென்பட்டாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். ஓரப் பிளவுக்குப் பூஞ்சைத் தொற்றும், இரும்புச்சத்து அல்லது பி வைட்டமின் குறைபாடும் காரணமாகலாம். அவற்றுக்கு எந்த பாமும் மருந்தாகாது. ஒவ்வாமை என்ற ஐயம் எழுந்தால் மருத்துவர் ஒட்டுச் சோதனை செய்து, அதாவது சந்தேகப் பொருள்களைச் சிறிதளவு தோலில் ஒட்டிவைத்துப் பார்த்து, எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டறிவார். செல்லும்போது நீங்கள் பயன்படுத்திய பாம்கள், லிப்ஸ்டிக், பற்பசை, முகம் கழுவும் சோப்பு எல்லாவற்றையும் அவற்றின் அட்டைகளோடு எடுத்துச் செல்லுங்கள்.