பாபிலோன் 5: படம் மங்குவதற்கு உங்கள் டிவி காரணமல்ல

வணக்கம் அண்ணா. பாபிலோன் 5 என்ற விண்வெளித் தொடரின் டிவிடியில் விண்கலம் வரும்போதெல்லாம் படம் மங்குகிறது, ஜார்ஜ்டவுன் கடைக்காரர் புதிய டிவி வாங்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வாங்காதீர்கள், வீண் செலவு. குறை அந்த டிவிடிப் பதிப்பிலேயே இருக்கிறது.

நடிகர்கள் வரும் காட்சிகளை அகலத்திரைக்கும் பொருந்தும்படி ஃபிலிமில் எடுத்தார்கள். கணினி வரைகலையோ அக்காலத்து 4:3 டிவிக்காக (அகலம் குறைந்த, சதுரம் போன்ற திரை), குறைந்த துல்லியத்தில் உருவானது. டிவிடிக்காக அதை மேலும் கீழும் வெட்டிப் பெரிதாக்கிவிட்டார்கள். தொடரில் வரும் லோண்டோ என்ற பாத்திரத்தின் விசிறித் தலைமுடி இழை இழையாகத் தெரியும். அதே இடத்தில் துப்பாக்கி ஒளி (அதுவும் வரைகலைதான்) பாய்ந்தால் அவர் முகமும் சேர்ந்து மங்கும், அடுத்த ஷாட்டில் தெளிந்துவிடும். உங்களுக்கும் இப்படித்தான் தெரிகிறது என்றால் சந்தேகமே வேண்டாம்.

2023இல் வந்த புளூரே பழைய 4:3 வடிவத்துக்கே திரும்பியது. அதைத் தேடிப் பிடியுங்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை இருக்கும். அதை நிரப்புவதற்காகப் படத்தை இழுத்துவிடாதீர்கள், முகமெல்லாம் அகன்றுபோகும். இன்னொன்று, முதல் பருவத்தோடு நிறுத்திவிடாதீர்கள். இரண்டாம் பருவத்தில் ஷெரிடன் என்ற கேப்டன் விண்வெளி நிலையத்தின் பொறுப்பேற்ற பிறகு கதையின் வேகமே வேறு.