பூட்டிய கதவும் பூக்களும்

அன்புள்ள ஐயா,

ஒரு கதையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, ஐப்பசி அடைமழையில் பாதிப் பேர் பள்ளிக்கு வராத ஒரு நாளில், எங்கள் ஆங்கில ஆசிரியர் பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தமிழில் சொன்ன கதை அது. வேறொரு கிரகம். அங்கே ஓயாத மழை. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் மட்டும் சூரியன் வெளியே வரும். அதற்காக ஒரு வகுப்பே காத்திருக்கும்போது, ஒரு சிறுமியை மட்டும் மற்ற பிள்ளைகள் ஓர் அறைக்குள் தள்ளிப் பூட்டிவிடுவார்கள். சூரியன் வந்து போய்விடும். பிறகு அவளைத் திறந்துவிட்டு, வெயிலில் பறித்து வந்த பூக்களை அவள் கையில் கொடுப்பார்கள். எலுமிச்சம்பழம் என்ற சொல் எங்கோ வந்தது. மழையிலேயே நடந்து பைத்தியம் பிடிக்கும் சில ஆண்களும், உள்ளே சூரியனைப்போல விளக்கு எரியும் ஒரு வட்ட வீடும் நினைவில் இருக்கின்றன. அவர்களுக்கும் அந்தச் சிறுமிக்கும் என்ன தொடர்பு என்பது மறந்துவிட்டது.

சுஜாதா எழுதியது என்றே இத்தனை காலம் நம்பியிருந்தேன். அவருடைய விஞ்ஞானக் கதைகளை ஒன்றுவிடாமல் படித்துப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. அமெரிக்க விஞ்ஞானக் கதை எழுத்தாளர் அசிமோவாக இருக்கும் என்கிறான் என் தம்பி. இப்போது நானும் ஆசிரியை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்று ஆசை. அரைகுறையாகச் சொல்ல மனம் வரவில்லை. எங்கள் வகுப்பிலும் அப்படி ஒருத்தி இருந்தாள் என்பதும் ஒரு காரணம்.

க., நாகர்கோவில்

அன்புள்ள க. அவர்களுக்கு,

எலுமிச்சம்பழம் என்று படித்த இடத்திலேயே கதை தெரிந்துவிட்டது. அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி எழுதிய ‘ஆல் சம்மர் இன் எ டே’. தமிழில் ‘ஒரு நாளுக்குள் ஒரு கோடை’ என்று வைத்துக்கொள்ளலாம். 1954 மார்ச்சில் ‘தி மேகசின் ஆஃப் ஃபேன்டசி அண்ட் சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ என்ற இதழில் வெளிவந்தது. 1959இல் வந்த ‘எ மெடிசின் ஃபார் மெலன்கலி’ என்ற அவருடைய தொகுப்பில் இருக்கிறது. கிரகம் வெள்ளி. சிறுமியின் பெயர் மார்கோ. சில பக்கங்களே உள்ள கதை. ஒரு வகுப்பு நேரத்துக்குள் உரக்க வாசித்துவிடலாம்.

சுஜாதா என்று நீங்கள் நம்பியது இயல்பானது. தமிழில் நம் தலைமுறைக்கு விஞ்ஞானக் கதை என்ற வாசலைத் திறந்துவிட்டவர் அவர். பெயர் தொலைந்த கதைகளெல்லாம் அவர் வீட்டுக்கே போய்ச் சேர்கின்றன. தம்பி அசிமோவைச் சொன்னதும் அப்படித்தான். அந்த அசிமோவுக்கே இப்படிப்பட்ட விசாரணைகள் வந்துகொண்டிருந்தன. 1956இல் அவர் எழுதிய ‘தி லாஸ்ட் க்வெஸ்சன்’ கதையைப் படித்தவர்கள் தலைப்பை மறந்துவிடுவார்கள். சிலர் எழுதியவரையும் மறந்துவிடுவார்கள். கதை மட்டும் அப்படியே நிற்கும். ஒருமுறை தொலைவிலிருந்து தொலைபேசியில் அழைத்த ஒருவர், ‘நீங்கள் எழுதியது என்று நினைக்கிறேன், தலைப்பு நினைவில்லை’ என்று தொடங்கியதுமே, அது ‘தி லாஸ்ட் க்வெஸ்சன்’ என்று அசிமோவ் சொல்லிவிட்டாராம். அதுவேதான். ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து மனத்தைப் படிக்கத் தெரிந்தவர் என்று அழைத்தவர் நம்பியிருப்பார் என எழுதுகிறார்.

ஆகவே, பாதி மறந்த கதையைத் தேடும்போது தலைப்பையும் எழுதியவர் பெயரையும் நான் முதலில் ஒதுக்கி வைத்துவிடுவேன். கதைக்கு அவசியமே இல்லாததுபோல் தோன்றும் ஒரு சின்னப் பொருள் நினைவில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பேன். அதை யாரும் தாமாக இட்டுக்கட்டுவதில்லை. உங்கள் எலுமிச்சம்பழம் அப்படிப்பட்டது. முந்தைய நாள் முழுவதும் பிள்ளைகள் வகுப்பில் சூரியனைப் பற்றிப் படிக்கிறார்கள்; அது எலுமிச்சம்பழம் போன்றது, சூடானது என்று படிக்கிறார்கள். அதாவது எலுமிச்சை பாடத்திலிருந்து வந்த உவமை. மார்கோ சொல்லும் உவமைகள் வேறு. சூரியன் ஒரு செப்புக் காசு மாதிரி என்கிறாள். அடுப்பில் எரியும் நெருப்பு மாதிரி என்கிறாள். அவை பார்த்தவளின் சொற்கள். மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்பது வயது; முன்பு சூரியன் வந்தபோது அவர்கள் இரண்டு வயதுக் குழந்தைகள், ஒன்றும் நினைவில்லை. மார்கோ பூமியில் ஒஹாயோவில் பிறந்து வளர்ந்து நான்கு வயதில் வெள்ளிக்கு வந்தவள். அவளுக்கு நினைவிருக்கிறது. அவர்களுக்குப் பொறுக்காதது அதுதான். அவளைத் திரும்பப் பூமிக்கு அழைத்துப் போய்விடுவார்கள் என்ற பேச்சும் சேர்ந்துகொள்கிறது. எனக்கு இந்தக் கதையின் மையம் அந்தப் பூட்டைவிட இந்தப் பொறாமையில்தான் இருக்கிறது.

அடுத்து, மழையில் நடக்கும் ஆண்கள். அவர்கள் மார்கோவுக்கு உறவினர்கள் அல்லர். வேறு கதையைச் சேர்ந்தவர்கள். ‘தி லாங் ரெயின்’ என்று பிராட்பரி எழுதிய இன்னொரு கதை, 1951இல் வந்த ‘தி இல்லஸ்ட்ரேட்டட் மேன்’ தொகுப்பில் இருக்கிறது. ராக்கெட் விழுந்து நொறுங்கிய பின் நான்கு பேர் வெள்ளியின் காட்டில், நிறங்களையெல்லாம் கழுவிவிட்ட மழையில், ‘சூரிய மாடம்’ ஒன்றைத் தேடி நடக்கிறார்கள். அதன் உச்சியில் மஞ்சள் நெருப்புக் கோளம் ஒன்று சூரியனுக்குப் பதிலாக எரிந்துகொண்டிருக்கும். அதுதான் உங்கள் வட்ட வீடு. ஆசிரியர் அன்று இரண்டையும் சொல்லியிருக்கலாம். அல்லது பின்னால் எங்கோ படித்த ஒன்றை, அதே மழை என்பதால், உங்கள் நினைவு அந்த எட்டாம் வகுப்பு நாளோடு சேர்த்துவிட்டிருக்கலாம். கேம்பிரிட்ஜ் உளவியலாளர் பிரெடரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூலில் இதைச் சோதித்தே காட்டியிருக்கிறார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் நாட்டுப்புறக் கதை ஒன்றை மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்து, இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் சொல்லச் சொன்னார். கடல்நாய் வேட்டை மெல்ல மீன்பிடித்தல் ஆனது. அவர்களுக்குப் பழக்கமில்லாத ‘கனூ’ என்ற ஓடம் சாதாரணப் படகானது. நினைவு ஒவ்வொரு முறையும் கதையைப் புதிதாகக் கட்டுகிறது என்றார் அவர்.

இப்போது பூக்கள். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்ததற்குக் காரணம் அவைதான்.

மூலக் கதையில் பூக்கள் கிடையாது. மன்னிப்பும் கிடையாது. வெயிலில் ஓடியாடிக் கொண்டிருக்கும்போது ஒரு சிறுமி உள்ளங்கையை நீட்டிக்கொண்டு அழுகிறாள். கையில் ஒரு மழைத்துளி. எல்லோரும் கட்டடத்துக்குள் ஓடி வருகிறார்கள். இன்னும் ஏழு ஆண்டுகளா என்று ஒருவர் கேட்க, ஆம் என்று பதில் வருகிறது. அப்போதுதான் ஒருத்திக்கு மார்கோவின் நினைவு வருகிறது. யாரும் யாருடைய முகத்தையும் பார்க்க முடியாமல் நிற்கிறார்கள். மெல்ல அந்தக் கதவுக்குப் போகிறார்கள். உள்ளே சத்தமே இல்லை. இன்னும் மெல்லப் பூட்டைத் திறந்து அவளை வெளியே விடுகிறார்கள். கதை அங்கேயே நின்றுவிடுகிறது. அவள் முகம் எப்படி இருந்தது என்றுகூடப் பிராட்பரி சொல்லவில்லை.

1982இல் இதை அமெரிக்கத் தொலைக்காட்சிக்காகக் குறும்படமாக எடுத்தார்கள். அதில் முடிவை நீட்டி, பிள்ளைகள் வெயிலில் பறித்த பூக்களை மார்கோவுக்குக் கொடுப்பதாகக் காட்டினார்கள். உங்கள் ஆசிரியர் அதைக் கேள்விப்பட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் என் மனம் வேறொரு வழியை நம்ப விரும்புகிறது. மூலக் கதையின் தொடக்கத்தில் மார்கோ வகுப்பில் ஒரு சின்னக் கவிதை எழுதி வாசிக்கிறாள், இரண்டே வரிகள்: சூரியன் ஒரு பூ என்று நினைக்கிறேன், அது ஒரு மணி நேரம் மட்டுமே பூக்கிறது. இதை நீ எழுதியிருக்க முடியாது என்று ஒரு பையன் உடனே மறுக்கிறான். உங்கள் நினைவில் இருக்கும் பூவும் ஒரு மணி நேரமும் இந்த இரண்டு வரிகளில் இருக்கின்றன. கதையில் ஆசிரியை பிள்ளைகளை வெளியே அனுப்பும்போது இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்று எச்சரிக்கிறார். நீங்கள் ஆசிரியையின் கணக்கை விட்டுவிட்டு மார்கோவின் கணக்கை வைத்துக்கொண்டீர்கள். அவள் கவிதையில் இருந்த பூவைக் கதையின் கடைசிக்குக் கொண்டுபோய் அவள் கையிலேயே கொடுத்துவிட்டீர்கள். அவளுக்காக அன்றைக்கே மனம் பதைத்த ஒரு மாணவி செய்திருக்கக்கூடிய காரியம் அது. கதையை நேசித்தவர்களால்தான் அதை இப்படி மாற்ற முடியும்.

இருந்தாலும், உங்கள் வகுப்பில் சொல்லும்போது பூக்களைச் சேர்க்காதீர்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பூவைக் கொடுத்ததும் பிள்ளைகள் நிம்மதியாகிவிடுவார்கள். பூட்டியவர்களின் கணக்கு தீர்ந்துவிடும். மார்கோவுக்கோ அடுத்த சூரியன் பதினாறு வயதில்தான். அந்த ஏழு ஆண்டுகளைப் பூக்கள் மறைத்துவிடுகின்றன. குழந்தைகளுக்குத் தாங்காது என்று சிலர் சொல்வார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு, ஒருவரைச் சேர்ந்து ஒதுக்குவது எப்படி நடக்கிறது என்பது நம்மைவிட நன்றாகவே தெரியும்.

வெள்ளியில் மழை பெய்யுமா என்று யாராவது ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும். அந்தக் கேள்வியை வரவேற்றுப் பதில் சொல்லுங்கள். மேகம் மூடிய அந்தக் கிரகம் ஈரமும் சதுப்பும் நிறைந்தது என்று 1918இல் சுவாந்தே அர்ரேனியஸ் போன்ற பெரிய விஞ்ஞானியே எழுதியிருந்தார். பிராட்பரி எழுதிய காலத்திலும் அந்த நம்பிக்கை முழுதாகப் போய்விடவில்லை. 1962 டிசம்பரில் அமெரிக்காவின் மாரினர் 2 விண்கலம் அருகில் பறந்து அளந்தபோதுதான் அது கொதிக்கும் உலகம் என்று உறுதியானது. தரையில் வெப்பம் ஏறக்குறைய 465 டிகிரி செல்சியஸ். காற்றழுத்தம் நம்மைவிடச் சுமார் 90 மடங்கு. மேகங்கள் கந்தக அமிலத்தால் ஆனவை. அந்த அமில மழையும் தரையைத் தொடுவதற்குள் ஆவியாகிவிடும். 1982 மார்ச் 1 அன்று சோவியத் கலம் வெனேரா 13 அங்கே இறங்கி, ஆரஞ்சு ஒளியில் கிடந்த பாறைகளைப் படமெடுத்து அனுப்பியது. 32 நிமிடம் தாங்கினால் போதும் என்று கட்டப்பட்ட அது 127 நிமிடம் வேலை செய்தது. மார்கோவின் வகுப்புக்குக் கிடைத்த வெயிலின் அளவுதான் ஏறக்குறைய அதுவும். இதைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். எனக்கு இது தெரியவந்த நாளில் வெகுநேரம் வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

நமக்கும் வெள்ளிக்கும் மழைக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. வெள்ளி தெற்கே போனால் மழை பொய்க்கும் என்பது சங்க காலத்து நம்பிக்கை. அந்த வெண்மீன் திசைமாறித் தெற்கே சென்றாலும் காவிரி பொய்க்காது என்றுதான் பட்டினப்பாலையே தொடங்குகிறது. பிராட்பரியின் வெள்ளியில் மழை பொய்ப்பதற்காகப் பிள்ளைகள் தவம் கிடக்கிறார்கள்.

உங்கள் வகுப்பில் இருந்த அந்த ஒருத்தியைப் பற்றி நீங்கள் மேற்கொண்டு எழுதவில்லை, நானும் கேட்கப்போவதில்லை. கதையைச் சொல்லும் நாளில், மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே கதவு திறக்கும் இடத்துக்கு வந்துவிடுங்கள். அங்கே நிறுத்திவிட்டு, பிள்ளைகள் என்ன பேசுகிறார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.