நாள் தள்ளி 2 நாள்தான் ஆகிறது, கர்ப்பப் பரிசோதனை கிட்டில் ஒரே கோடு. கர்ப்பம் இல்லை என்று அர்த்தமா?

அப்படி முடிவு கட்ட முடியாது. கரு கர்ப்பப்பையில் ஒட்டிய பிறகுதான் கிட் கண்டுபிடிக்கிற எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன் சுரக்கத் தொடங்கும். கருமுட்டை வெளிவந்து 6 முதல் 12 நாள் வரை அதற்கே ஆகிவிடும். பிறகு ஏறத்தாழ 2, 3 நாளுக்கு ஒருமுறை ஹார்மோன் அளவு இரட்டிப்பாகும். இந்த மாதம் உங்களுக்கு முட்டை தாமதமாக வெளிவந்திருந்தால், கிட் பிடிக்கிற அளவுக்கு இன்னும் சிறுநீரில் ஹார்மோன் சேர்ந்திருக்காது.

3 நாள் கழித்து, காலையில் முதல் சிறுநீரில் மறுபடி பாருங்கள். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தால் நீர்த்துப்போய் ஏமாற்றும். கிட்டில் 'டி' (T) என்று போட்ட பக்கத்துக் கோடு மங்கலாக இருந்தாலும், அட்டையில் சொன்ன நேரத்துக்குள் வந்தால் பெரும்பாலும் கர்ப்பம்தான். அரைமணி நேரம் கழித்துத் தெரிவதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

மார்பு கனப்பது, அசதி எல்லாம் மாதவிலக்குக்கு முன்னும் வரும். அவற்றை நம்பிப் பயனில்லை. மசக்கை வாந்தி பொதுவாக 6-ஆம் வாரத்தை ஒட்டித்தான் தொடங்கும். (சிறுநீரில் சர்க்கரை, உப்பு போட்டுக் கர்ப்பமா என்று பார்க்கும் வீடியோக்களை விட்டுத்தள்ளுங்கள்.)

ஒருபக்க அடிவயிற்று வலியோடு உதிரப்போக்கோ மயக்கமோ இருந்தால், கிட்டோடு மல்லுக்கட்டாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கரு கர்ப்பப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருக்கலாம்.